எட்டாவது நாள் கொழுந்து

அவள் எந்தச் சாமானுக்கும் வெள்ளியில் விலை கேட்டு நான் பார்த்ததில்லை. ரிங்கிட் என்று டிவியில் சொல்கிறார்களே, அதுதான் எங்களுக்கு வெள்ளி. அவள் கிலோவில்தான் கேட்பாள். கிலோ என்றால் தேயிலைக் கொழுந்து கிலோ. தீபாவளிக்கு முன்னால் சேலைக்காரன் ஒருவன் வேனைப் போட்டுக்கொண்டு எங்கள் லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வருவான். நாங்களெல்லாம் சேலையை உதறிப் பார்ப்போம், தோளில் போட்டுப் பார்ப்போம், வாங்குகிற மாதிரி பாசாங்கு செய்வோம். இவள் ஓரமாக நின்று உதடு அசைய என்னவோ முணுமுணுத்துவிட்டு, "முன்னூறு கிலோ சேலைலா இது. எனக்கு வேணாம்" என்று திரும்பிப் போய்விடுவாள். சேலைக்காரன் திருதிருவென்று முழிப்பான். முந்நூறு கிலோ சேலையை இந்த மலையில் யார் தூக்கிக் கட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பான், பாவம்.

கோழி அறுபது கிலோ. செருப்பு நூறு கிலோ. ஒருமுறை என் மகன், கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன், புதுக் கைப்பேசி வாங்கி வந்து பெருமையாகக் காட்டினான். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "தம்பி, ஒரு மலைச்சரிவ மொட்டையடிச்சு சட்டைப் பையில வெச்சிருக்கியேடா" என்றாள். அவனுக்கு வந்த சிரிப்பில் சோறு புரையேறிவிட்டது.

என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். என்னைப் பெரியம்மா என்பாள். நான் "இவளே" என்பேன். லயத்தில் மற்றவர்களுக்கு அவள் அக்கா. பெயர் சொல்லிக் கூப்பிட்டது பெரட்டு எடுக்கும் தோட்டத்துக் கணக்கர், எங்கள் கிராணி மட்டும்தான். காலையில் வேலைக்கு ஆள் எண்ணுவதைத்தான் பெரட்டு என்போம். அந்தக் கிராணியும் பிறகு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் அவள் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒரே மகள். புருஷன் போன பிறகு அவளுக்கு மிச்சமிருந்தது அந்தப் பிள்ளைதான். நன்றாகப் படிக்கும். எனக்கு எழுத்து தெரியாது, ஆனாலும் அது படிக்கிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்போது எனக்கும் ஏதோ புரிகிற மாதிரி இருக்கும். அந்தப் பிள்ளைக்கு இங்கிலாந்தில் படிக்க இடம் கிடைத்தது. படிப்புச் செலவு முழுக்க அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். டிக்கெட்டுக்குக் கோயிலில் வசூல் செய்து கொடுத்தோம். எனக்கு வந்த சந்தோஷத்தில் லயம் முழுக்கப் போய்ச் சொன்னேன்: நம்ம பொண்ணு தொரை ஊருக்குப் போவுது! ஒரு காலத்தில் துரைமார் அங்கிருந்து வந்து இந்த மலையில் பங்களா போட்டு உட்கார்ந்தார்கள். இப்போது எங்கள் லயத்திலிருந்து ஒருத்தி அங்கே போய் உட்காரப்போகிறாள். என் மகனிடம் சொல்லி லோரிக்கு மாலை போட்டுத்தான் அதை பஸ் நிலையத்துக்கு அனுப்பினோம். முட்டைக்கோசுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு போனது.

அதில் ஒரு தப்பு நடந்தது. அந்தத் தப்பு எங்களை மாதிரி ஆட்களுக்குத்தான் வரும். தங்குவதற்கு யார் காசு கொடுப்பது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? எங்கள் தாத்தா காலத்திலிருந்து இந்தத் தோட்டத்தில் நாங்கள் யாரும் வாடகை கொடுத்ததில்லை. வேலைக்குப் பேர் போட்ட அன்றைக்கே வீட்டுச் சாவி கைக்கு வரும். வீட்டில் ஒருவராவது, என் வீட்டில் மருமகள், கொழுந்து வெட்டுகிற வரைக்கும் வீடு நமது. வேலை நின்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பலகை ஒழுகும், குளிர் உள்ளே வரும், அது வேறு கதை. ஆனால் வீட்டுக்கென்று காசு எண்ணி வைத்தது கிடையாது. போகும் முன்னால் பிள்ளையே தயங்கித் தயங்கி, "அம்மா, அங்க ரூமு..." என்று இழுத்ததற்கு இவள் சொன்னாள்:

"படிக்கக் கூப்பிட்டவன் படுக்க எடம் குடுக்க மாட்டானா? போடி."

கொடுக்கவில்லை. அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் உள்ள அறைக்கு வாரா வாரம் பவுண்டில் வாடகை. பிள்ளை ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு, மங்கு கழுவி வாடகையில் பெரும்பங்கைக் கட்டியது. மிச்சத்தை இவள் அனுப்ப வேண்டும். அன்றைக்கு என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். உதடு அசைந்தது. ரொம்ப நேரம் அசைந்தது. கிலோ எட்டவில்லை போல.

"பெரியம்மா, அஞ்சு நாள் கொழுந்து."

"எதுக்குடி?"

"அவ ஒரு வாரம் தூங்குறதுக்கு. என் பங்கு மட்டும். நான் அஞ்சு நாள் வெட்டணும்."

வாரத்துக்கு ஆறு நாள் வேலை. ஐந்து போனால் ஒன்று. அந்த ஒரு நாள் சம்பளத்தில் அரிசி வாங்கினாள். கீரையும் மிளகாயும் லயத்துக்குப் பின்னால் கிடந்தன. குழம்புக்கு நான் இருந்தேன். நான் வைக்கும் கருவாட்டுக் குழம்புக்குக் கம்போங் ராஜாவிலிருந்துகூட ஆள் வரும், சும்மா சொல்லவில்லை, என் சம்பந்தியைக் கேளுங்கள். ஆகவே அவள் பட்டினி கிடக்கவில்லை. எனக்கே அப்போது தைரியமாகத்தான் இருந்தது. அஞ்சு நாள்தானே, வெட்டிவிடுவாள், கொழுந்து வெட்டும் கத்திரியைப் பிடித்தால் அவள் வேகத்துக்கு இந்த மலையில் ஆள் கிடையாது என்று நினைத்தேன்.

பிறகு வெள்ளிக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

அவள்தான் அப்படிச் சொல்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை போனில் கூப்பிட்டது. ஸ்பீக்கரில் போட்டு என் வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். இந்தத் தடவை அனுப்பின காசு போதவில்லை, இன்னும் கொஞ்சம் வேணும் என்றது பிள்ளை.

"வாடகைய ஏத்திட்டானா?"

"ஏத்தலம்மா. அதே வாடகைதான்."

"ரூமுக்குப் புதுசா ஜன்னல் கின்னல் வெச்சானா?"

"இல்லம்மா, அதே ரூமு. நம்ம வெள்ளிதான் எறங்கிருச்சு. நீ அதே காசு அனுப்பினாலும் இங்க வந்து சேரும்போது பவுண்டு கொறச்சலா வருது."

"வழியில யாரு எடுக்குறா?"

"யாரும் எடுக்கலம்மா."

"யாரும் எடுக்காம எப்படிக் கொறயும்? கொழுந்து மூட்டைகூட ஈரம் காஞ்சா எட குறையும். காசுல என்னடி ஈரம்?"

பிள்ளையும் என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தது. எனக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான். அவள் இங்கே ஒன்றும் தப்பு செய்யவில்லை, பிள்ளை அங்கே ஒன்றும் தப்பு செய்யவில்லை, வீட்டுக்காரனும் வாடகையை ஏற்றவில்லை. அப்படியும் அந்த அறை ஐந்தரை நாள் ஆகிவிட்டது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மறுநாள் பெரட்டில் கிராணியிடம் போனாள். "கிராணி ஐயா, இன்னைக்கு வெள்ளி எப்படி இருக்கு?" ஆஸ்பத்திரியில் கிடக்கும் மனுஷனை விசாரிக்கிற மாதிரி கேட்டாள். அவர் நல்ல மனிதர், சின்ன வயசு. கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நேத்தைக்கு இன்னைக்கி கொஞ்சம் மோசம்தான் அக்கா" என்றார். அன்றிலிருந்து அவருக்கும் அவள் அக்கா. தினமும் இதே விசாரிப்பு. கொஞ்ச நாளில் லயமே பிடித்துக்கொண்டது. குழாயடியில் பசியாறியாச்சா என்று கேட்பதற்குப் பதிலாக வெள்ளி எப்படியிருக்கு என்று கேட்டோம். "ராத்திரி நல்லா தூங்குச்சாம்." "இன்னைக்கு இன்னும் கண்ணத் தொறக்கலயாம்." சிரிப்பாகத்தான் இருந்தது. அவளும் எங்களோடு சேர்ந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே கத்திரியைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு முன்னால் மலை ஏறிவிடுவாள்.

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றாள். பூசாரி, "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

"பேரு வெள்ளி. நட்சத்திரம் தெரியாது சாமி."

"யாரு வீட்டுப் பிள்ள?"

"நம்ம வெள்ளிதான் சாமி. சம்பளமா வருதே."

பூசாரி என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மனுஷர் அந்தப் பெயருக்கே அர்ச்சனை செய்து கொடுத்தார். வெளியே வரும்போது, "எனக்கும் அதுலதான்மா சம்பளம்" என்றார்.

அம்மன் கேட்டாளோ இல்லையோ, அறை ஆறு நாள் ஆனது. அரிசிக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனாள். அந்தச் சமயம் பார்த்து மழை பொய்த்தது. மழை இல்லாவிட்டால் கொழுந்து துளிர்க்காது. ஒரு நாள் பூராவும் வெட்டினாலும் முன்போல நிறுவையில் நிற்காது. ஒரு சாயங்காலம் என் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "பெரியம்மா, வாரத்துக்கு எட்டு நாளு வேணும். ஆண்டவன் ஏழோட நிப்பாட்டிட்டான்."

"சாப்பிட்டுப் போடி" என்றேன். வேறென்ன என்னிடம் இருக்கிறது?

பிள்ளைக்குக் கடைசிப் பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அதுவரைக்கும் அந்தக் கட்டிலில் அது படுத்தாக வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

இப்போது அந்த வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் மலைக்குச் சுற்றுலாக்காரர்கள் வருவது புதிதில்லை. தேயிலைக்கு நடுவில் நின்று படம் எடுப்பார்கள், எங்களையும் சேர்த்து எடுப்பார்கள். அந்த வருஷம் ரொம்பக் கூட்டம். நான் அன்றைக்கு மகனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மலைப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்தேன். முதுகில் பெரிய மூட்டையோடு ஒரு பெண், இருபத்தைந்து வயசு இருக்கும், மண்டோரிடம் பேசிக்கொண்டிருந்தது. வேலையை மேற்பார்க்கிற மண்டோருக்கு இங்கிலீஷ் பேச ஆள் கிடைத்தால் போதும், கால் தரையில் நிற்காது. எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"இங்கிலாந்தாம்! நம்ம ஊரு ரொம்ப மலிவாம்! டவுன்ல இதுக்கு ரூமு கெடச்ச வெலைக்கு அங்க ஒருவேளை சோறுகூட கெடைக்காதாம்!"

மேலே சரிவில் வெட்டிக்கொண்டிருந்த இவள் கத்திரியை நிறுத்தினாள். "எப்பலேர்ந்து மலிவு?"

மண்டோர் கேட்டுச் சொன்னார். "போன தடவ வந்ததுக்கு இப்ப இன்னும் மலிவாம். வெள்ளி எறங்கிருச்சுல்ல, அதான்."

இவள் கத்திரியைச் செடிமேல் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். சண்டை போடப்போகிறாளோ என்று நினைத்தேன். போய் அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மண்டோரே, நான் சொல்றத அப்படியே சொல்லு. என் வீட்டுல ஒரு ரூமு சும்மா கெடக்கு. கட்டில் இருக்கு, கம்பளி இருக்கு. இந்தப் புள்ள எத்தன நாள் வேணும்னாலும் அதுல இருக்கட்டும். சோறும் நான் போடுறேன். என் பொண்ணு அது வீட்டுல இருக்கட்டும். காசு பேச்சே வேணாம். ரூமுக்கு ரூமு."

"அக்கா, எனக்கு வெக்கமா இருக்குலா. நான் சொல்லமாட்டேன்."

"உனக்கென்ன வெக்கம்? தொரைங்க இங்க வந்து இருந்தப்ப நாம வாடகை கேட்டமா? சொல்லு."

சொன்னார். அந்தப் பெண் முதலில் சிரித்தது. பிறகு இவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மெதுவாக என்னவோ சொன்னது. மண்டோரின் குரலும் இறங்கிவிட்டது.

"அதுக்கு அங்க வீடு இல்லயாம் அக்கா. வாடகை கட்ட முடியாம ரூம விட்டுட்டுத்தான் இங்க வந்து சுத்துதாம். அங்க இருக்குறத விட இங்க லாட்ஜுல இருக்குறதுதான் அதுக்குக் கட்டுப்படியாவுதாம்."

இவள் கீழே இருந்த மூட்டையைப் பார்த்தாள். காற்றில் கத்திரி வெட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. எதிர்ச்சரிவில் தோட்ட வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பையன்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப யாருதான் அங்க தூங்குறா?" என்றாள்.

அதை மண்டோர் இங்கிலீஷில் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணைச் சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வந்து சாப்பாடு போட்டாள். என் கருவாட்டுக் குழம்புதான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓட ஓட, இன்னும் இன்னும் என்று சாப்பிட்டது. எனக்கு ஒரே குஷி. போகும்போது காசு நீட்டியது, இவள் கையைத் தட்டிவிட்டாள். அது போன பிறகு தட்டைத் தூக்கினால் அடியில் ஒரு தாள். ராஜா தலை போட்ட இங்கிலாந்து நோட்டு.

"இத வெள்ளியா ஆக்கவே கூடாது பெரியம்மா. வெள்ளியில போட்டா கரைஞ்சுரும். இப்படியே, இதே தாளா அவகிட்ட போய்ச் சேரணும்" என்றாள். மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். காசு மாற்றும் கடைக்காரரிடம், "பாய், இத மாத்த வேணாம், அனுப்பினா போதும்" என்று நீட்டினாள்.

"தாள அனுப்ப முடியாதும்மா. நான் இத உங்ககிட்ட வாங்கி வெள்ளி தர்றேன். அந்த வெள்ளிய பவுண்டாக்கி அனுப்பணும். வாங்குறது ஒரு வெல, விக்கிறது ஒரு வெல."

"அப்ப ரெண்டு தடவ கரையும்."

"ஆமாம்மா."

"எங்க ஊரு நோட்டுதான் நோயாளின்னு நெனச்சேன். இது நல்லாத்தானே இருக்கு. இத அதோட வீட்டுக்கு அனுப்புறதுக்கு எதுக்கு அது கரையணும்?"

அவர் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தார். நோட்டை மடித்து எடுத்து வந்து பிஸ்கட் டின்னில் போட்டாள். அந்தப் பக்கம் யாராவது போனால் கையில் கொடுத்தனுப்பலாம் என்று. எங்கள் லயத்திலிருந்து அந்தப் பக்கம் யார் போகிறார்கள்?

பிள்ளை திரும்பி வந்துவிட்டது. பரீட்சை எழுதாமல் வந்துவிட்டது. அறையைக் காலி செய்துவிட்டுக் கூடப் படிப்பவர்கள் வீட்டில் தரையில் படுத்துப் பார்த்திருக்கிறது. எத்தனை பேர் வீட்டில் எத்தனை நாள் படுக்கும்? ஒருநாள் மத்தியானம் என் மகன் லோரியிலேயே, போனபோது உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு வந்து இறங்கியது. இளைத்துப்போயிருந்தது. இவள் மலையிலிருந்து அப்படியே பூட்ஸோடு ஓடிவந்தாள். அழுவாள், திட்டுவாள் என்று லயமே வாசலில் நின்றது. இவள் பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டு, "பசியாறிட்டியா?" என்றாள். அவ்வளவுதான். பிள்ளை அன்றைக்குத் தூங்கப்போனது மறுநாள் மத்தியானம்வரை எழவில்லை. நான் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். குறட்டை. இவள் வாசலில் உட்கார்ந்துகொண்டு, யாரும் சத்தம் போடாதபடி கோழியைக்கூட விரட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "காசில்லாம தூங்குது பெரியம்மா. தூங்கட்டும்."

அதற்கப்புறம்தான் கேளுங்கள், வெள்ளி எழுந்து உட்கார்ந்தது. எல்லாம் முடிந்த பிறகு. ஒரு காலை பெரட்டில் கிராணி அவளைப் பார்த்ததும் கைப்பேசியைத் தூக்கிக் காட்டிக் கத்தினாராம். "அக்கா! வெள்ளி நல்லா ஏறிருச்சு!" கத்தின பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்திருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாராம். இவள்தான் விடவில்லை.

"ரூமு இப்ப எவ்வளவு?"

"விடுங்கக்கா."

"சொல்லுங்கய்யா. தெரிஞ்சுக்குறேன்."

"பழையபடி அஞ்சு நாள் கிட்ட வரும்."

"ம். பாவம், தேறிருச்சு" என்று சொல்லிவிட்டு மலை ஏறிவிட்டாளாம்.

பிள்ளைக்குப் பிறகு கோலாலம்பூரில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்தது. படிப்பைத் தொடர்வேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. தொடர்ந்ததா தெரியவில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டது. சாவியைத் தோட்டத்து ஆபீசில் கொடுத்துவிட்டார்கள். சாமான் கட்டும்போது, "அங்கயும் வாடகைதானேடி?" என்று கேட்டேன்.

"வாடகைதான். ஆனா வெள்ளியில பெரியம்மா. நாம தேஞ்சா அதுவும் நம்மளோட சேந்து தேயும்" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. அந்த டின்னை என் கையில் கொடுத்தாள். "உங்க வீட்டுலேர்ந்து யாராச்சும் அந்த ஊருக்குப் போனா செலவழிக்கச் சொல்லுங்க."

அவள் இருந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன பாஷை என்று எனக்குத் தெரியாது, ஆனால் நல்ல மனிதர்கள், குழம்பு கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். டின் என்னிடம்தான் இருக்கிறது. பேரன் வந்தால் வெள்ளி எப்படி இருக்கிறது என்று நானும் கேட்கிறேன், பழக்கம் விடவில்லை. வெள்ளி ஏறிவிட்டது என்றால் ஊரோடு சேர்ந்து நானும் சந்தோஷப்படுகிறேன். இறங்கிவிட்டது என்றால் டின்னுக்குள் இருக்கிற அவள் நோட்டு ஏறியிருக்குமே என்று அதற்கும் சந்தோஷப்படுகிறேன். எதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அவள் பக்கத்தில் இல்லை.

போன வாரம் பேரனிடம் அந்த நோட்டைக் காட்டிக் கணக்குப் போடச் சொன்னேன். தட்டிப் பார்த்துச் சொன்னான். இங்கே அது கிட்டத்தட்ட ரெண்டு நாள் கொழுந்தாம். அங்கே ஒரு ராத்திரி தூங்கக்கூடப் போதாதாம்.